கிளப்பின் கடன், வீட்டின் நகை: ஒரு கடற்கரை ஊர்க் கால்பந்துச் செயலாளர் பற்றிய நிகழ்வு ஆய்வு

முன்குறிப்பு

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் ஒரு கால்பந்து கிளப்புக்கு 1994 முதல் 2019 வரை செயலாளராக இருந்தவரைப் பற்றியது இது. அவருடைய குடும்பத்தாரிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். 2011 முதல் அந்தக் கிளப்பில் நான் இணைச் செயலாளர். ஆகவே இதில் வரும் தவறுகளில் எனக்கும் பங்கு உண்டு. ஊர், கிளப், ஆட்கள் எவரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அவரை அண்ணன் என்றும், அவர் மனைவியை மைனி என்றும் எழுதுகிறேன். நேரிலும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

கிளப் நடத்துகிற எல்லா ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவரால்தான் எல்லாம் நடக்கிறது என்று ஊரே சொல்லும். அந்த 'எல்லாம்' எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஊரும் ஆட்டமும்

இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று எட்டு ஊர்கள் கடலை ஒட்டி வரிசையாகக் கிடக்கின்றன. எங்கள் ஊர் அவற்றில் ஒன்று. ஒரு பக்கம் அரபிக்கடல், மறுபக்கம் ஏ.வி.எம். கால்வாய், நடுவில் நெருக்கமான வீடுகள். இங்குள்ள ஆண்கள் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள். சுறாத் தூண்டிலுக்குப் பேர்போன ஆட்கள். படகுகள் பெரும்பாலும் கொச்சித் துறைமுகத்திலிருந்தும் தேங்காய்ப்பட்டினத்திலிருந்தும் கிளம்பும். ஒரு தங்கலுக்கு, அதாவது ஒரு ஆழ்கடல் பயணத்துக்கு, போனால் கரை திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஊரில் ஆண்கள் நிறைந்து இருப்பது கிறிஸ்துமஸுக்கும் பங்குத் திருவிழாவுக்கும்தான். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையுள்ள மேற்குக் கடற்கரைத் தடைக்காலத்திலும் இருப்பார்கள்.

கால்பந்தின் நாட்காட்டியும் இதுவே. டிசம்பர் கடைசியில் டோர்னமென்ட், தடைக்காலத்தில் ஊர்களுக்கிடையே ஆட்டம், மற்ற மாதங்களில் பையன்களுக்குப் பயிற்சி. கோவிலுக்கு முன்னால் உள்ள மணல்திடல்தான் மைதானம். இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) வரை ஆடப் போன பிறகு வெளியூர்க்காரர்கள் எங்கள் பக்கத்தைக் கவனித்தார்கள். அதற்கு முன்பும் இங்கே வீட்டுக்கு ஒரு ஆட்டக்காரன் இருந்தான்.

செயலாளர்

அண்ணன் இளம் வயதில் ஊர் அணியின் இடது பின்காப்பு ஆட்டக்காரர். தூண்டில் கயிறு சுற்றி இழுத்ததில் வலது தோள் போனது. அதன்பிறகு கடலுக்குப் போகவில்லை. மீன் ஏலத்தில் கணக்கு எழுதுகிற வேலைக்கு வந்தார். கையெழுத்து சின்னதாக, சாய்வில்லாமல், அச்சடித்ததுபோல இருக்கும். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் 1994-ல் கிளப்பின் பொறுப்பை ஊர் அவரிடம் கொடுத்தது.

அவருடைய ஒரு நாள் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும், பின்னால் வருவது அதைப் பொறுத்தது. காலை ஐந்தரைக்குத் திடலில் நிற்பார். உப்புக்காற்றும் மணலும் பந்தின் தையலைத் தின்றுவிடும். பயிற்சி முடிந்ததும் பந்துகளை நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி, நிழலில் வைத்துவிட்டுத்தான் ஏலத்துக்குப் போவார். அந்த வேலையைப் பையன்களிடம் விடமாட்டார். மாலையில் எங்கே இருந்தாலும் ஏழரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். குடும்பச் செபமாலை, பிறகு மூன்று பிள்ளைகளோடும் ஒன்றாகச் சாப்பாடு. டோர்னமென்ட் நாட்களில் முதல் ஆட்டத்தை எட்டரைக்கு வைத்தது அதற்காகத்தான். வெளியூர் அணிகள் நேரம் போகிறது என்று முறைப்பாடு சொன்னதுண்டு. அவர் மாற்றவில்லை. "ஊர்ல எல்லா வீட்லயும் செபம் முடியணும்லா" என்பார்.

பையன்கள் விஷயத்தில் அவருக்கு இரண்டு விதிகள். மதிப்பெண் பட்டியலைக் கொண்டுவந்து காட்டாதவனுக்கு ஜெர்ஸி கிடையாது. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதாதவனைப் படகில் ஏற்றக் கூடாது. இரண்டாவது விதி அவர் கையில் இருந்த விதி இல்லை, படகு முதலாளிகளின் கையில் இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு முதலாளி வீட்டுக்கும் நேரில் போய் உட்கார்ந்து பேசுவார். "மார்ச் வரைக்கும் இந்தப் பயல என்கிட்ட விடுங்க, ஏப்ரல்ல கூட்டிட்டுப் போங்க." 15 வயதுப் பையன் ஒரு தங்கலில் கொண்டுவரும் பணம் ஒரு வீட்டுக்கு எவ்வளவு முக்கியம் என்று அவருக்குத் தெரியும். ஆகவே தடுக்கவில்லை, தள்ளிப்போடக் கேட்டார். அப்படித் தள்ளிப்போட்டதில் சிலர் கல்லூரிக்குப் போனார்கள். ஒருவர் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலைக்குப் போனார்.

பதிவு அட்டைகளை ஒரு தகர பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். ஒவ்வொரு பையனுக்கும் ஒரு அட்டை: பெயர், பிறந்த தேதி, ஞானஸ்நான எண், தகப்பன் பெயர், படகு எண், ஒரு பாஸ்போர்ட் அளவு படம். 1994-லிருந்து வந்த எல்லாப் பையன்களும் அந்த டின்னில் இருந்தார்கள்.

ஏழுபேர் ஆட்டத்தை விட்டது

2009 வரை எங்கள் டிசம்பர் டோர்னமென்ட் ஏழுபேர் ஆட்டம். கேரள எல்லை ஒட்டிக்கிடப்பதால் செவன்ஸ் எங்களுக்குப் பழக்கமானது. சின்னத் திடல் போதும், ஆட்டம் வேகம், கூட்டம் நெரியும், டிக்கெட் பணம் சேரும். ஆனால் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் செவன்ஸை அங்கீகரித்ததில்லை. சம்மேளனத்தின் கீழ்ப் பதிவான ஆட்டக்காரன் அதில் ஆடப் பயப்படுவான். மாவட்ட அணித் தேர்வுக்கும் வேலை ஒதுக்கீட்டுக்கும் அந்தக் கோப்பைகளும் சான்றிதழ்களும் உதவாது.

2009-ல் பதினொருபேர் ஆட்டத்துக்கு மாறலாம் என்று அண்ணன் சொன்னார். கமிட்டியில் பாதிப்பேர் எதிர்த்தார்கள். பையன்களின் எதிர்காலம் என்ற அவருடைய வாதம் வென்றது. அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் முடிவின் மறுபாதியை நாங்கள் பேசவே இல்லை. டிக்கெட் வரவு விழும், திடலை அகலப்படுத்த வேண்டும், அணிக்குச் சாப்பாடும் வண்டியும் கூடும். இந்த இடைவெளியை யார் நிரப்புவது? தீர்மானப் புத்தகத்தில் அன்றைய பக்கத்தைப் பின்னால் எடுத்துப் பார்த்தேன். மாற்றம் ஒருமனதாக ஏற்கப்பட்டது என்று மூன்று வரி இருக்கிறது. பணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இன்னொரு காரணமும் சேர்ந்தது. கிளப் 1998-ல் 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானது. ஆண்டுதோறும் மாவட்டப் பதிவாளரிடம் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் கொடுக்க வேண்டும். சில ஆண்டுகள் கொடுத்தோம், பிறகு விட்டுவிட்டோம். கையெழுத்துப் போட வேண்டிய பொருளாளர் வளைகுடாவுக்குப் போனதும் வங்கிக் கணக்கும் முடங்கியது. பணம் எல்லாம் ரொக்கமாக, அண்ணன் வீட்டு அலமாரியில், ஒரு உறையில் இருந்தது. அந்த உறையில் எப்போதும் பணம் இருந்தது. அதுவே எங்களைச் சந்தேகப்பட வைத்திருக்க வேண்டும்.

2017 நவம்பர், டிசம்பர்

அந்த ஆண்டு டோர்னமென்ட் டிசம்பர் 26-ல் தொடங்குவதாக இருந்தது. மூங்கில் கேலரிக்கு 60,000, விளக்கு, ஜெனரேட்டருக்கு 25,000, ஜெர்ஸிக்கு 18,000, வெளியூர் அணிகளின் வழிச்செலவுக்கு 32,000 என்று 1,35,000 ரூபாய் முன்பணம் நவம்பர் கடைசிக்குள் போய்விட்டது. படகு முதலாளிகள், கடைக்காரர்கள், வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர்கள் என்று 1,10,000 நன்கொடை வந்திருந்தது.

நவம்பர் 29 இரவும் 30-ம் தேதியும் ஒக்கி புயல் வந்தது. கரையிலிருந்து பல நாள் ஓட்டத்தில் இருந்த படகுகளுக்கு எச்சரிக்கை போய்ச்சேர வழியில்லை. படகில் இருந்த வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. எட்டு ஊர்களிலும் ஓலம். எங்கள் ஊரில் கரை திரும்பாதவர்களில் மூன்று பேர் கிளப்புக்கு ஆடியவர்கள். டிசம்பர் 7-ம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் மறியலுக்கு உட்கார்ந்தபோது நானும் அண்ணனும் அங்கே இருந்தோம்.

அந்த இரண்டு வாரத்தில் அவர் எடுத்த முடிவுகள் மூன்று.

டோர்னமென்ட் இல்லை என்பது முதல் முடிவு. அதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை.

பயிற்சியை நிறுத்தக் கூடாது என்பது இரண்டாவது. இதில் ஊர் கொதித்தது. துக்க ஊரில் பந்து உதைப்பதா என்று சில பெரியவர்கள் அவர் வீட்டு வாசலுக்கே வந்தார்கள். நானும் அவரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவர் சொன்ன காரணம் இது: வீடு முழுக்க அழுகை, தாய்மாருக்குப் பிள்ளையைப் பார்க்கத் திராணி இல்லை, பள்ளிக்கூடம் பூட்டிக்கிடக்கிறது, பையன்கள் கரையில் போய்க் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். "அங்கன இருக்கதுக்கு இங்கன வரட்டும்." பங்குத்தந்தையிடம் பேசி, பத்தாம் நாளுக்குப் பிறகு, ஆட்டமில்லாமல், ஓட்டமும் பாஸிங்கும் மட்டும் என்று ஒப்புக்கொள்ள வைத்தார். முதல் நாள் 11 பையன்கள் வந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. பந்து காலில் படுகிற சத்தம் மட்டும் கேட்டது. அரைமணி நேரம் கழித்து ஒரு பையன் திடலின் ஓரத்தில் போய் உட்கார்ந்து அழுதான். அண்ணன் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார், ஒன்றும் சொல்லவில்லை. மற்றவர்கள் தொடர்ந்து ஓடினார்கள். மூன்றாம் வாரம் 40 பேர் வந்தார்கள். நான் வேண்டாம் என்றது தவறு.

மூன்றாவது முடிவு நன்கொடையைத் திருப்பிக் கொடுப்பது. கொடுத்தவர்களில் பலர் படகையோ ஆளையோ இழந்திருந்தார்கள். "இது அவிய கையில இருக்க வேண்டிய பணம்" என்றார். யாரும் கேட்கவில்லை, அவரே வீடு வீடாகப் போய்க் கொடுத்தார். கேலரிக்காரர் 20,000 திருப்பினார். மற்ற முன்பணம் வரவில்லை. நன்கொடையாக வந்த தொகைதான் முன்பணமாகப் போய்விட்டதே, இந்த 1,10,000 எங்கிருந்து வந்தது? நாங்கள் ஏழு பேர் கமிட்டியில் இருந்தோம். ஏழு பேரும் கணக்குத் தெரிந்தவர்கள். ஒருவரும் கேட்கவில்லை.

தகர டின்னையும் இங்கே சொல்லியாக வேண்டும். நிவாரணத்துக்கும் அடையாளம் காண்பதற்கும் ஆவணம் கேட்டார்கள். கடலுக்குப் போகிறவர்கள் அடையாள அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் படகிலேயே வைத்திருப்பார்கள். படகோடு அதுவும் போயிருந்தது. கோவில் வராந்தாவில் அண்ணன் டின்னைத் திறந்து உட்கார்ந்தார். தேதியும் ஞானஸ்நான எண்ணும் படமும் கேட்டு வந்தவர்களுக்கு எடுத்து எழுதிக் கொடுத்தார். காணாமல் போன ஒருவருக்கு வீட்டில் தனிப்படமே இல்லை, அந்த அட்டையில் இருந்த 13 வயதுப் படம்தான். அவருடைய மனைவி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது என் மகன்லா" என்றாள். மகனுக்கு அப்போது பத்து வயது, அதே முகம்.

காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டப்படி 7 ஆண்டு காத்திருக்க வேண்டும். ஒக்கியில் அது தளர்த்தப்பட்டு, குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் என்று மாநில அரசு அறிவித்தது. மனுக்களை எழுதியதிலும் அண்ணனின் கையெழுத்து நிறைய இருந்தது. 2018 முழுக்க ஏல வேலைக்குப் பாதி நாள்தான் போனார். அவர் வீட்டு வரவு பாதியாகியிருக்கும் என்பதும் எங்களுக்குத் தோன்றவில்லை.

பக்கவாதமும் ஏல அறிவிப்பும்

2019 ஆகஸ்டில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்தது, பேச்சு போனது. நாகர்கோவிலில் மூன்று வாரம் வைத்திருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

செப்டம்பரில் ஒரு நகைக்கடன் நிறுவனத்திலிருந்து தபால் வந்தது. வட்டி நிலுவை, நகை ஏலத்துக்குப் போகும் என்ற அறிவிப்பு. மைனி அதைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "தம்பி, இது கிளப்புக்கு உள்ளதா வீட்டுக்கு உள்ளதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. வீட்டுக்குன்னா நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

மூன்று அடகு ரசீதுகள் இருந்தன. 2013-ல் 4 சவரன், 60,000 ரூபாய். 2015-ல் மைனியின் அம்மா வழியில் வந்த ஒரு ஜோடி வளையல், 2 சவரன், 28,000. 2017 டிசம்பரில் இளைய மகளுக்கென்று சேர்த்துவைத்த சங்கிலி, 8 சவரன், 1,20,000. மொத்தம் 14 சவரன், 2,08,000 ரூபாய். மைனிக்கு முதல் இரண்டும் தெரியும், அவரே கழற்றிக் கொடுத்தது. 'டிசம்பர்ல டிக்கெட் பணம் வந்ததும் மீட்டுருவேன்' என்று ஒவ்வொரு ஆண்டும் அண்ணன் சொல்லியிருக்கிறார். மூன்றாவது தெரியாது.

நான் கமிட்டியைக் கூட்டினேன். இங்கேதான் எங்கள் பெரிய தவறு. அக்டோபரில் முதல் கூட்டம். தீர்மானம் இல்லை, வவுச்சர் இல்லை, இதைக் கிளப்பின் கடன் என்று எப்படி ஏற்பது என்று ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானது. அண்ணன் ஊருக்காக விரும்பிக் கொடுத்தது, காணிக்கைபோல, அதைக் கடனாக்கினால் அவர் மனசு நோகும் என்று இன்னொருவர் சொன்னார். அது நல்லெண்ணம்போலத் தோன்றியது, ஆனால் அந்த வாதத்தால் பலன் எங்களுக்குத்தான். பொதுக்குழுதான் முடிவு செய்ய வேண்டும், படகுகள் கிறிஸ்துமஸுக்கு வந்தபிறகு வைக்கலாம் என்று ஒத்திப்போட்டோம். வட்டியை மட்டுமாவது கட்டி ஏலத்தை நிறுத்தியிருக்கலாம். ஏழு பேரும் தலைக்குக் கொஞ்சம் போட்டாலே முடிந்திருக்கும். நவம்பரில் வளையல் ஏலம் போனது. கடனும் வட்டியும் போக மிச்சத் தொகை வந்தது. வளையல் வரவில்லை.

மூன்று மாலைகள்

டிசம்பரில் நானும் கமிட்டியில் இன்னொருவரும் அண்ணன் வீட்டுக்குக் கணக்குப் பார்க்கப் போனோம். ஒன்பது நோட்டுகள். ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் கோடு போட்டு இடப்பக்கம் 'கி', வலப்பக்கம் 'வீ'. கிளப், வீடு. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பணம் போகும்போதெல்லாம் தேதி போட்டு ஒரு அம்பு. ஏலக் கணக்கு எழுதினவருடைய பழக்கம். அம்புகள் பெரும்பாலும் ஒரே திசையில், வலமிருந்து இடமாக இருந்தன.

அண்ணனால் பேச முடியாது, புரியும். நான் ஒவ்வொரு வரியாக வாசித்தேன். சரி என்றால் இடது கட்டைவிரலால் என் மணிக்கட்டை ஒருமுறை அழுத்துவார், இல்லை என்றால் கையை எடுத்துவிடுவார். 'பதினாறு வயது அணி, சென்னை, ரயில் டிக்கெட் 18 பேர்.' அழுத்தம். 'கோல்போஸ்ட் இரும்பு, வெல்டிங்.' அழுத்தம். 'திடல் மண் நிரப்பு, டிப்பர் 6 லோடு.' அழுத்தம். கடல் ஏறித் திடலின் தென்மேற்கு மூலையைக் கொண்டுபோன ஆண்டு அது. ஊர் நிரப்பியது என்றே நான் இதுவரை நினைத்திருந்தேன். மைனி அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வரியை வாசித்ததும், "அந்த மாசம்தான் மூத்தவளுக்கு நர்சிங் காலேஜ் ஃபீஸ் கெட்டல, தவணை கேட்டு எழுதிக் கொடுத்தோம்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, தேதி சரிபார்க்கிற குரல்.

அண்ணன் கையை எடுத்தது ஒரே ஒரு இடத்தில். 2016-ல் ஒரு பையனுக்குப் பூட்ஸ், 1,800 ரூபாய், கிளப் பக்கத்தில் எழுதியிருந்தது. கிளப் இல்லை, வீடு என்று திருத்தச் சொன்னார். அது அவர் மகனுக்கு வாங்கியது.

மூன்று மாலைகளில் மூன்று அடகுக்கும் உரிய செலவு முழுதும் கண்டுபிடித்தோம். பில் இல்லாத இடங்களில் வாங்கிய கடைக்காரரையோ போன பையனையோ கேட்டு உறுதி செய்தோம். அவர் கட்டிய வட்டிக்கு 81,000 ரூபாய்க்கு ரசீதுகள் இருந்தன.

பொதுக்குழு

2020 ஜனவரி முதல் ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு பொதுக்குழு. அசலை ஏற்பதில் சிக்கல் இல்லை. வட்டியில் வாக்குவாதம். வட்டிக்கு வாங்கச் சொன்னது யார் என்று கேட்டார்கள். அந்த 1,10,000-ல் தன் நன்கொடையைத் திரும்ப வாங்கிய ஒரு படகு முதலாளி எழுந்து, "அந்தப் பணத்துல எங்க வீட்ல மூணு மாசம் அரிசி வாங்கினோம். அதுக்கு வட்டி அவர் கெட்டியிருக்காருன்னா அது என் வட்டி" என்றார். அவர் கைக்குப் போனது அந்தத் தொகையில் ஒரு சிறு பங்குதான். ஆனால் அதன்பிறகு யாரும் பேசவில்லை. 2,89,000 ரூபாய் கிளப் கடன் என்று ஏற்றோம்.

எப்படிக் கொடுப்பது என்பதில் மைனியின் சொல் முடிவானது. இளைஞர்கள் அண்ணன் படம் போட்ட ஃபிளெக்ஸோடு ஒரு நிதி ஆட்டம் நடத்த விரும்பினார்கள். கேட்கப் போனபோது அவர் மறுத்துவிட்டார். "அவிய உயிரோட இருக்காவ, ஃபிளெக்ஸ்ல வைக்காதிய. உதவின்னு தரவும் வேண்டாம். கடன் திருப்பினோம்னு எழுதித் தாங்க, நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிடுதேன்." நோட்டில் அடகு சேராத சில்லறைச் செலவுகள் இன்னும் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தன. தேநீர், பேருந்துக் கட்டணம், அரிசி. அதைக் கிளப்புக்கு விட்டுவிட்டதாக எழுதச் சொன்னார். எது கடன், எது காணிக்கை என்று பிரித்தது அவர்தான். அந்த உரிமை அவருக்கே இருந்தது, அக்டோபரில் எங்கள் கமிட்டி அதைத் தன்னுடையதுபோல எடுத்துக்கொண்டிருந்தது.

பிறகு நடந்தது

முதல் தவணை 90,000 ஜனவரியிலேயே கொடுத்தோம். மார்ச்சில் கொரோனா ஊரடங்கு. துறைமுகம் முடங்கியது, வரவு நின்றது. மீதி நகைக்கான வட்டியைக் கிளப் கட்டிவந்தது, அதுவும் இரண்டு மாதம் தாமதமானது. 2020 டிசம்பரில் சங்கிலியை மீட்டோம். 2021 ஜனவரியில் இளைய மகளுக்குத் திருமணம். அண்ணனை நாற்காலியில் தூக்கிக்கொண்டு கோவிலுக்குப் போனவர்கள் அவரிடம் பயிற்சி பெற்ற பையன்கள். 4 சவரன் 2022 தடைக்காலத்தில் மீண்டது. அதற்குள் அண்ணன் இல்லை, பிப்ரவரியில் இறந்துபோனார். வளையலுக்கு ஈடாக அதே எடையில் வாங்கித் தரலாம் என்று கேட்டோம். மைனி வேண்டாம் என்றார். நாங்கள் மறுபடி கேட்கவில்லை.

சங்கப் பதிவைச் சரிசெய்ய ஓராண்டு ஆனது. வங்கிக் கணக்கு இரட்டைக் கையெழுத்தில் திரும்ப ஓடுகிறது.

இன்று செய்வதென்றால்

பதினொருபேர் ஆட்டத்துக்கு மாறுகிற அன்றே பணத்துக்கான தீர்மானத்தையும் போட்டிருப்பேன். வரவு எவ்வளவு விழும், எதைக் குறைப்போம், குறைக்க முடியாததை யார் கொடுப்பார் என்று. அதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

கையிலிருந்து செலவழித்தவர் அடுத்த ஞாயிற்றுக்குள் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும், கடனா நன்கொடையா என்று அவரே குறிக்க வேண்டும் என்பது இப்போது எங்கள் விதி. ஆயிரம் ரூபாய்க்கு மேல் என்றால் வீட்டில் இன்னொருவரும் கையெழுத்திட வேண்டும். இந்தக் கடைசி விதியைச் சிலர் அவமானமாக நினைத்தார்கள். இதைக் கொண்டுவந்தது நான், அதில் விட்டுக்கொடுக்கமாட்டேன். நிர்வாகி கொடுக்கிற பணம் எப்போதும் ஒரு குடும்பத்தின் பணம்.

கேலரி, விளக்குக்காரர்களிடம் இயற்கைச் சீற்றத்தால் நின்றுபோனால் எவ்வளவு திருப்புவார்கள் என்று எழுதி வாங்குகிறோம்.

பையன்களின் பதிவை அகில இந்திய சம்மேளனத்தின் இணையப் பதிவிலும் ஏற்றுகிறோம். ஃபிஃபா விதிப்படி, ஒரு ஆட்டக்காரர் தொகைக்கு வெளிநாட்டுக் கிளப்புக்கு மாறும்போது அந்தத் தொகையில் 5 சதவீதம் வரை 12 முதல் 23 வயது வரை அவரைப் பயிற்றுவித்த கிளப்களுக்குப் பிரித்துத் தரப்படும். பதிவில் இல்லாத கிளப்புக்கு அது வராது. எங்கள் பையன் எவனுக்கும் இதுவரை அப்படி நடக்கவில்லை. ஆனால் டின்னில் மட்டும் இருக்கிற அட்டையை வெளியுலகம் பார்க்காது. டின்னையும் விடவில்லை, அட்டைகளை இன்னும் கையால் எழுதுகிறோம்.

2017 டிசம்பரில் அவர் எடுத்த மூன்று முடிவுகளையும் நான் மாற்றமாட்டேன். பணத்தைத் திருப்பியதையும்தான். அந்த இரவு ஏழு பேரும் அவரோடு உட்கார்ந்திருந்தால் தலைக்கு 16,000-க்குக் குறைவாகவே வந்திருக்கும்.

மிஞ்சிய வரி

நோட்டுகளில் ஒரு வரி மட்டும் தீரவில்லை. 2018 மார்ச், வீட்டுப் பக்கத்திலிருந்து ஒரு அம்பு. கிளப் பக்கம் போகாமல் ஓரத்தில் நின்றுவிட்டது. ரூ. 6,200 என்று மட்டும் எழுதியிருந்தது. வாசித்தபோது அண்ணன் அழுத்தவும் இல்லை, கையை எடுக்கவும் இல்லை. என் கையைப் பிடித்தபடியே இருந்தார். யாருக்குக் கொடுத்தது என்று மைனியிடம் கேட்டேன். "தெரியாது தம்பி. அது அங்கனயே கெடக்கட்டு" என்றார். நோட்டை மூடி அவரிடம் கொடுத்தேன்.